முன்கூட்டிப் போட்ட ஸ்தோத்திர காணிக்கை

அஞ்சாவது தடவ, அண்ணாச்சி. ஆமா, அஞ்சேதான். நீங்க விரல மடக்க வேண்டாம், நானே சொல்லிருதேன். மூணு தடவ பெயிலு, ஒரு தடவ பாஸு, இன்னிக்கு அஞ்சாவது டெஸ்டு. பாஸான பெறவு இவ எதுக்கு மறுபடியும் வந்து வெயில்ல நிக்கான்னு பாக்கீயளா? எல்லாரும் அப்படித்தான் பாக்காவ. அந்தா வெள்ளைத் தொப்பி போட்ட டிரைவிங் ஸ்கூல்காரரு, என்னயக் கண்டாலே தலையில அடிச்சிக்கிடுதாரு.

உக்காருங்க. இன்ஸ்பெக்டர் பதினோரு மணிக்குத்தான் வாராராம். அந்தப் பச்சைச் சேலைதான் உங்க வீட்டம்மாவா? கை நடுங்குதே அவியளுக்கு. நடுங்கட்டும், நடுங்கட்டும். எனக்கு ஆறு மாசமா நடுங்குது. அந்தக் கையோடதான் வண்டியப் பிடிக்கேன்.

எனக்கு ஜெபக்கனின்னு பேரு. ஊரு எபனேசர்புரம், இங்க இருந்து பதினோரு கிலோமீட்டரு. டெஸ்டு எடத்தச் சுத்திக் கட்டுன கயித்துப் பக்கத்துல கறுப்புக் கண்ணாடி போட்டுட்டு நிக்காவ பாருங்க, அவியதான் எங்க வீட்டுக்காரரு, ஏசுவடியான். மெதுவாப் பேசுவோம், காது ரொம்பக் கூர்மை. இருவத்தெட்டு வருஷம் லாரி ஓட்டுனாவ. கல்கத்தா, கௌஹாத்தின்னு அவிய போகாத ரோடு கெடையாது. சர்க்கரை கண்ணுல இறங்கிட்டு. இப்ப வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. ஆனா ரோட்டுல லாரி போனா வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே, லோடு இருக்கு, மூணாவது கியரு, பின்பக்கம் ஒரு டயரு சரியில்லன்னு சொல்லிருவாவ.

கண்ணு போன பெறவு வீட்ட விட்டு இறங்கமாட்டேன்னுட்டாவ. கோயிலுக்குக்கூட வரமாட்டாவ. எங்க ஐயரு, அதான் எங்க போதகரு, வீட்டுக்கு வந்து நற்கருணை குடுத்துட்டுப் போவாவ. என்ன காரணம்னா, பஸ்ஸுல ஏறும்போது நான் கையப் பிடிப்பேன்லா? அது அவியளுக்கு ஆகாது. “ஊரே பாக்க என்னய ஆட்டுக்குட்டி மாதிரி இழுத்துட்டுப் போகாத”ன்னு ஒரு நாள் பஸ் ஸ்டாப்புலயே சத்தம் போட்டுட்டாவ. அன்னிக்கு ராத்திரி நான் ஜெபத்துல சொன்னேன்: ஆண்டவரே, இந்த மனுஷன் வண்டியிலதான் வாழ்ந்தாரு, வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன். பின்னால உக்காந்தா யாரு கையையும் பிடிக்க வேண்டாம். பாக்குறவனுக்கு அவரும் ஒரு ஆளா வண்டியில போறதுதான் தெரியும்.

சொல்லிட்டேனே தவிர, நான் சைக்கிள்கூட மிதிச்சதில்ல. ரோட்டுல கோழி எதுக்க வந்தா நான்தான் ஒதுங்குவேன். எங்க ஊரு டீச்சர் ஒருத்தி மாத்தலாகிப் போகும்போது ஒரு பழைய ஸ்கூட்டிய எனக்குத் தந்துட்டுப் போனா. அது பதினஞ்சு நாள் வீட்டு முன்னால நின்னுது. நான் தினமும் அதத் துடைச்சேன், ஏறல.

பெறவு ஒரு நாளு முழங்கால்ல நின்னு அழுதுட்டு, எந்திரிச்சுச் சாவியப் போட்டேன். கோயிலுக்குப் பின்னால ஒரு கிரவுண்டு இருக்கு. சொல்லித்தாரதுக்கு யாரு? இவியதான். கண்ணு தெரியாதவிய வண்டி சொல்லிக்குடுத்த கதைய நீங்க எங்கயாவது கேட்டிருக்கீயளா? ஓரமா நின்னு காத மட்டும் வச்சிக்கிட்டு எல்லாஞ் சொல்லுவாவ. “ஆக்சிலேட்டரப் பிடுங்காத.” “பிரேக்க எதுக்கு இப்பப் பிடிச்ச?” எட்டு போடும்போது கால் கீழ படக்கூடாது, தெரியுமில்லியா? என் செருப்பு தரையில உரசுனாப் போதும், “கால்!”னு கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். காலையில ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம், ஒரு நாளுகூடத் தவறாம வந்து நின்னு என்னயப் பாடாப் படுத்துனாவ. சட்டையெல்லாம் தேய்ச்சு வைக்கச் சொல்லுவாவ, கிரவுண்டுக்கு வாரதுக்கு. எனக்கு அது வேற வேல.

ஒரு வேடிக்க சொல்லுதேன். முத நாளு நான் என்ன ஜெபம் பண்ணுனேன்னா, ஆண்டவரே, ஹேண்டில நீரே பிடிச்சுக்கிடும். அப்படிச் சொல்லிட்டு, அவரு பிடிப்பாருன்னு நான் கைய லேசா விட்டுட்டேன். ஓடிப் போயி உடைமரத்துல விழுந்தேன். முள்ளெடுக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. இவிய சிரிச்ச சிரிப்பு இருக்கே! கண்ணு போன பெறவு அவிய அன்னிக்குத்தான் சிரிச்சாவ. “ஏட்டி, அவரு தைரியந்தான் தருவாரு. ஹேண்டில நீதான் பிடிக்கணும்”னாவ. வேதத்த நல்லாப் படிச்சவ நானு, எனக்கு லாரிக்காரரு பிரசங்கம்!

முத டெஸ்டுல ரெண்டு காலையும் ஊனிட்டேன். பெயிலு. அது பரவாயில்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான் கத.

நீங்க வேதக்காரவியளா, கிறிஸ்தவங்களா? இல்லியா? அப்ப விவரமாச் சொன்னாத்தான் புரியும். எங்க கோயில்ல ஒரு வழக்கம். ஆண்டவர் நமக்கு ஒரு நன்ம செஞ்சாருன்னு வைங்க, சுகப்பிரசவம், பரீட்சையில பாஸு, வேல கெடச்சுது, அப்ப ஒரு கவர்ல காணிக்கையப் போட்டு, மேல எதுக்காகன்னு எழுதிக் குடுக்கணும். ஐயர் அத ஆராதனையில எல்லாரும் கேக்க வாசிப்பாவ. அதுதான் ஸ்தோத்திர காணிக்க. பேரு வாசிக்கும்போது நமக்கு ஒரு இது இருக்கும் பாருங்க, பொய் சொல்லக்கூடாது, இருக்கும்.

முத தடவ பெயிலான வாரத்துல பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு சிஸ்டர் வந்து பேசுனா. கேட்டது கெடச்சிட்டுன்னே நம்பணும், கெடைக்கிறதுக்கு முன்னாலயே நன்றி சொல்லணும், அதுதான் விசுவாசம்னா. எனக்கு அது நெஞ்சுல குத்துன மாதிரி இருந்துது. அடடா, நான் நன்றி சொல்லாமப் போனதுனாலதான பெயிலு! அந்த ஞாயித்துக்கெழமையே கவர் போட்டேன். மேல எழுதுனேன்: லைசென்ஸ் கெடச்சதுக்காக. டெஸ்டு புதன்கெழம. வழக்கமா இந்த வாரம் போட்டா அடுத்த வாரந்தான் வாசிப்பாவ. அதுக்குள்ள பாஸாயிருவோம்லா?

அன்னிக்குப் பாத்து கையோட வாசிச்சிட்டாவ.

“ஏசுவடியான், ஜெபக்கனி குடும்பத்தார், ஓட்டுநர் உரிமம் கிடைத்ததற்காக.” கோயிலு மொத்தமும் திரும்பிப் பாக்கு. எங்க நாத்தனாரு, ரூபாவதி மைனி, முன் பெஞ்சுல இருந்து கழுத்த முழுசாத் திருப்பி என்னய ஒரு பார்வ பாத்தாவ. ஐயர், “கண் தெரியாத புருஷனுக்காக இந்தச் சகோதரி எடுத்த முயற்சிய எல்லாரும் பாருங்க”ன்னு ரெண்டு வார்த்த சேத்துப் பேசிட்டாவ. நான் எந்திரிச்சு, ஐயா இன்னும் கெடைக்கலன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. தலையக் குனிஞ்சிக்கிட்டேன். அதயும் ஜனங்க தாழ்மன்னு நெனச்சிட்டாவ.

புதன்கெழம பெயிலு.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு என் சத்துருவுக்கும் வேண்டாம். ஐயரோட சம்சாரம் ஐயரம்மா வந்து, “ஜெபம், பக்கத்து ஊர்ல ரெண்டு வீட்டுல சுகமில்லாம இருக்காவ, என்னய ஸ்கூட்டியில ஏத்திட்டுப் போ”ங்காவ. டயர்ல காத்து இல்லம்மான்னேன். மறுநாள் பேட்டரி. அதுக்கு மறுநாள் எனக்குத் தலசுத்தல். காத்து இல்ல காத்து இல்லன்னு நான் சொல்லுததக் கேட்டு ரூபாவதி மைனி காத்தடிக்கிற பம்பையே வாங்கிக் கொண்டாந்து வச்சிட்டாவ. அவியளுக்கு எம்மேல எப்பவுமே ஒரு கண்ணு, நான் எங்க வழுக்குவேன்னு பாத்துக்கிட்டே இருப்பாவ. எதுக்கு அந்தப் பம்பு? என்னய மாட்டிவிடத்தான்.

மூணாவது டெஸ்டுக்கு யாருக்கும் தெரியாம வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு ஊர்ல சொல்லிட்டு. அதுவும் பெயிலு. மூணு தடவ பெயிலானா ரெண்டு மாசம் பொறுக்கணும்னுட்டாவ. ரெண்டு மாசம்! அந்தப் பொய்யோட ரெண்டு மாசம். நற்கருணைக்குப் போவேன், முழங்கால் போட முடியாது. கண்ண மூடுனா ஆண்டவரு தெரியமாட்டாரு, அந்தக் கவருதான் தெரியும். நான் எழுதுன எழுத்தோட. பயிற்சிக்குப் போகவும் மனசு வரல. வண்டிய மூடி வச்சிட்டேன். விட்டுருவோம், நமக்கு இது ஆண்டவர் சித்தமில்லன்னு ஒரு பேச்சும் தயார் பண்ணி வச்சிருந்தேன். நல்ல பேச்சு, யாரும் எதிர்த்துக் கேக்கமுடியாது.

எங்க வீட்டுக்காரருகிட்ட ஒரு நாளு எல்லாத்தயும் கொட்டுனேன். கேட்டுக்கிட்டே இருந்துட்டு, “தப்பான ரோட்டுல ஏறிட்டா லாரியத் திருப்ப ஒரு நல்ல எடம் தேடுவோம், ஜெபம். எடம் தேடுத வரைக்கும் தப்பான ரோட்டுலதான் போய்க்கிட்டு இருப்போம். எனக்கு ஒரு தடவ நாக்பூர்ல நாப்பது கிலோமீட்டரு அப்படிப் போச்சு”ன்னாவ. பாத்தியளா? பொண்டாட்டி அழுதுக்கிட்டு நிக்கா, அவியளுக்கு நாக்பூர்! எப்பவும் லாரிதான். நான் கோவத்துல பேசாமப் படுத்துட்டேன்.

மறுநா காலையில எனக்கே ஒண்ணு தோணிச்சு. யாரும் சொல்லல, எனக்கே தோணிச்சு. இன்னிக்கே போயி ஐயர்ட்டச் சொல்லிருவோம்னு. போனேன். ஐயரு எல்லாத்தயும் கேட்டுட்டு, “நான் வாசிச்சேன், சரி. ஆனா எழுதுனது நீங்க. ஞாயித்துக்கெழம நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க”ன்னுட்டாவ. நான் நெனச்சேன், ரகசியமா ஒரு ஜெபம் பண்ணி அனுப்பிருவாவன்னு.

அண்ணாச்சி, இந்த எட்டு போடுறதெல்லாம் ஒண்ணுமில்ல. கோயில்ல நானூறு பேரு. பெஞ்சப் பிடிச்சிக்கிட்டு எந்திரிச்சேன். உள்ளுக்குள்ள, ஆண்டவரே தைரியத்தத் தாரும், தைரியத்தத் தாரும்னு சொல்லுதேன், வாய் தொறக்க மாட்டேங்கு. எப்படியோ சொன்னேன். “ரெண்டு மாசத்துக்கு முன்னால என் பேருல வாசிச்ச ஸ்தோத்திர காணிக்க உண்ம இல்ல. எனக்கு லைசென்ஸு கெடைக்கல. மூணு தடவ பெயிலு. டயர்ல காத்தும் இருந்துது. ஐயரம்மா என்னய மன்னிக்கணும். ஆனா நான் விடமாட்டேன், மறுபடியும் போவேன். ஜெபிச்சிக்கிடுங்க.”

முன் பெஞ்சுல இருந்து ரூபாவதி மைனி மட்டும், “எனக்கு முன்னமே தெரியும்”னாவ. நல்லாச் சத்தமா. அவிய எந்திரிச்சு வந்து எம்பக்கத்துல உக்காந்துக்கிட்டாவ. என்ன காரணமோ. அவிய பெஞ்சுல ஃபேன் ஓடல போலுக்கு.

பெறவுதான் வேடிக்க. பின்னால இருந்து சொர்ணபாய் அக்கா எந்திரிக்கா. “ஐயா, என் மவனுக்குத் துபாய் விசா வந்துட்டுன்னு போன வருஷம் ஒரு கவர் போட்டேன். விசா இன்னும் வரல”ங்கா. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு தாத்தா, “பேரன் போலீஸ் செலக்ஷன்ல பாஸானதுக்காகன்னு நான் போட்டது... அவன் ஓட்டத்துல நின்னுட்டான்”ங்காரு. அந்த சிஸ்டர் பேச்சக் கேட்டு முன்கூட்டியே போட்டவ நான் ஒருத்தி மட்டும்னு நெனச்சேன், ஏழு பேரு! எங்க சபையில நடக்காத அற்புதமெல்லாம் நடந்ததா வாசிச்சிருக்காவ. ஐயரு கண்ணாடியக் கழத்தித் துடைச்சிக்கிட்டே நின்னாவ. அன்னிக்கு ஆராதன முடிய ஒண்ணேகால் ஆயிட்டு. எல்லார் வீட்டுலயும் ஞாயித்துக்கெழமக் கறி ஆறிப்போச்சு. அதுக்கும் என்னயத்தான் ஏசுனாவ.

அது கெடக்கட்டும், சின்ன விஷயம். பெரிய விஷயம் நாலாவது டெஸ்டு.

அன்னிக்கு சபையே எனக்காக ஜெபத்துல இருந்துது. எங்க ஊரு ஆட்டோக்காரரு எங்க ரெண்டு பேரயும் கொண்டாந்து விட்டாரு. இவிய இதே எடத்துல, அந்தக் கயித்துப் பக்கத்துலதான் நின்னாவ. டிரைவிங் ஸ்கூல் வண்டிய எடுத்தேன். முத வளைவு தேன் மாதிரி போகுது. நடுவுல தாண்டிட்டேன். ரெண்டாவது வளைவுல முக்காவாசி திரும்பியாச்சு. அப்ப வண்டி ஒரு ஆட்டம் ஆடிச்சு. இடது கால் செருப்பு லேசா, இந்தா இம்புட்டு, தரையில உரசிட்டு. அப்படியே தூக்கிக்கிட்டேன், ஓட்டி முடிச்சிட்டேன். இன்ஸ்பெக்டர் அந்த நேரத்துல போனப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நிமிந்து, “பாஸு, அடுத்த ஆளு”ன்னாரு.

யாரும் பாக்கல. நான் இவியளத் திரும்பிப் பாத்தேன். பத்தடி தூரந்தான். கிரவுண்டுல எறும்பு ஊர்ந்தா “கால்!”னு கத்துற மனுஷன், வாயே தொறக்கல. தலையக் குனிஞ்சிக்கிட்டு, கயித்த ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்காவ. சரி, அவிய காதுலயே விழலைன்னா அது காலே இல்லன்னு ஒரு நெனப்பு ஓடிச்சு எனக்கு. கையெழுத்துப் போடப் பேனாவ நீட்டுதாரு. வாங்கிட்டேன்.

வாங்கிட்டேன், அண்ணாச்சி. கையில பேனாவ வச்சிக்கிட்டு நிக்கேன். போட்டா முடிஞ்சுது. இவியள நாளைக்கே பின்னால உக்கார வச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போலாம். ஆனா கோயிலுக்குள்ள போயி எந்தப் பெஞ்சுல உக்கார? மறுபடியும் எந்திரிச்சுச் சொல்ல என்னால ஆகாது. அப்பவும் உள்ளுக்குள்ள அதே ஜெபந்தான்: தைரியத்தத் தாரும். வேற ஒண்ணும் கேக்கத் தெரியல.

“சார், கால் பட்டுட்டு”ன்னேன்.

“நான் பாக்கலியேம்மா.”

“நான் பாத்தேன் சார்.”

“எனக்கு நாப்பது பேரு நிக்காவ. பாஸுன்னு சொல்லியாச்சு, போங்க.”

“அப்ப இதுல பெயிலுன்னு எழுதிட்டுப் பாஸு போடுங்க சார்”னேன். என்ன பேசுனேன்னு எனக்கே தெரியல. அவரு போனக் கீழ வச்சிட்டு என்னயப் பாத்தாரு. பெறவு அடிச்சு எழுதிட்டு, “இன்னும் ஒரே தடவைக்குத்தான்மா நாள் இருக்கு, உங்க எல்.எல்.ஆர். முடியப் போகுது. அதுல தவறுனா எல்லாம் முதல்ல இருந்து”ன்னாரு. அந்த ஒரே தடவதான் இன்னிக்கு. எல்.எல்.ஆர். நாளையோட முடியுது. அந்த வெள்ளைத் தொப்பி அன்னிக்கு அடிச்ச தலதான், இன்னும் அடிச்சிக்கிட்டு இருக்காரு.

இந்த வாக்குவாதத்துல நேரமாகி ஆட்டோக்காரரு போயிட்டாரு. பஸ்ஸுதான். எனக்கு இவிய மேல வந்த கோவத்துக்கு அளவில்ல. “நீங்க ஒரு சத்தம் குடுத்திருந்தா அந்தப் பேனாவ நான் தொட்டிருக்க மாட்டேன்லா? காது எங்க போச்சு?”ன்னு கேட்டேன். பஸ்ஸு வந்துது. படிக்கட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டு, அவியளே கைய நீட்டுனாவ. “பிடிச்சிக்கோ ஜெபம்”னாவ. அம்புட்டு ஜனமும் பாக்கு. ஏறி உக்காந்த பெறவும் விடல, ஊரு வாரது வரைக்கும் கைய விடவே இல்ல. கூட்டம் ஜாஸ்தி, அதான். அந்த ஞாயித்துக்கெழம நடந்தே கோயிலுக்கு வந்துட்டாவ, என் கையப் பிடிச்சிக்கிட்டு. நான் என்ன பாடுபட்டு வண்டி படிக்கேன், இவிய நடந்து வாராவ!

காது டாக்டர்ட்டக் காட்டுவோம்னு நூறு தடவ சொல்லிட்டேன். சர்க்கரை காதுக்கும் இறங்கும்லா? “காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு”ம்பாவ, உடனே முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிடுவாவ. பிடிவாதம்.

யாரக் கூப்பிடுதாவ? பதினாலா? நான்தான். அண்ணாச்சி, ஒரு உபகாரம். அவிய பக்கத்துல போயி நில்லுங்க. என் கால் தரையில பட்டா “கால்”னு நீங்க ஒரு சத்தம் குடுத்துருங்க. அவிய காத நம்பி நான் ஏறமுடியாது. கை நடுங்குதா? நடுங்கத்தான் செய்யுது. வாரேன்.

*

பாத்தியளா அண்ணாச்சி! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! படலியே? நெசமாப் படலியே? நீங்க சத்தமே குடுக்கலியே, பாத்துக்கிட்டுத்தான இருந்திய? இன்ஸ்பெக்டரு போனப் பைக்குள்ள போட்டுட்டு, குனிஞ்சு என் காலயே பாத்துக்கிட்டு நின்னாரு, எனக்குத் தெரியும். முடிஞ்சதும் “கையெழுத்துப் போடலாமாம்மா?”ன்னு என்னயக் கேக்காரு! ஒரு நிமிஷம் சார்னுட்டு நேரா இவியகிட்ட ஓடிவந்தேன். நீங்கதான் பக்கத்துல நின்னியளே, கேட்டிய இல்லியா?

“இந்தாருங்க, கால் பட்டுதா?”ன்னேன்.

“படல, ஜெபம். ஒரு தடவகூடப் படல”ன்னாவ. கண்ணாடிக்குக் கீழ கன்னம் ரெண்டும் நனஞ்சு கெடக்கு. என் தோளத் தேடிப் பிடிச்சிக்கிட்டு, “பட்டிருந்தா இந்தத் தடவ சொல்லியிருப்பேன். சத்தியமா, இந்தத் தடவ சொல்லியிருப்பேன்”னு ரெண்டு தடவ சொன்னாவ.

கேட்டியளா, அண்ணாச்சி? அன்னிக்குக் காது அடச்சித்தான் இருந்திருக்குன்னு இப்பவாவது அவிய வாயால ஒத்துக்கிட்டாவளே. இருங்க, பேனா எங்க? கையெழுத்துப் போட்டுட்டு வந்துருதேன்.